விளக்கமறியலின் முதல் 14 நாள்: தோட்டக் குடும்பங்களுக்கான துண்டுப்பிரசுரம், பிழை திருத்துங்கள்

மலைமுகடு

நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டத் தோட்டங்களில் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் தயாராகிறது. ஒரே தாள், இரண்டு பக்கம். வீட்டு ஆள் விளக்கமறியலுக்கு (தீர்ப்புக்கு முன் சிறையில் வைப்பது) போனால், அவர் உள்ளே தற்கொலைக்குப் போகாமல், உயிரோடு, புத்தி கலங்காமல் இருக்க வெளியே உள்ளவர்கள் என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். அரசியல் கைதிகள் பற்றிய இழை வேறு இருக்கிறது. இது சில்லறை வழக்கு, போதைப்பொருள் வழக்கு, குடும்பச் சண்டை, தண்டம் கட்டாதது என்று உள்ளே போகிற சாதாரண ஆட்களைப் பற்றியது.

வரைவில் இருப்பது இவ்வளவு:

அ. முதல் 14 நாள்தான் ஆபத்தான காலம். அடுத்த வழக்குத் தவணை வரை சும்மா இருக்காதீர்கள்.
ஆ. நோய், மருந்து இருந்தால் சிறை வாசலில் சொல்லுங்கள்.
இ. உயிரை மாய்க்க முயன்றவர் மேல் வழக்கு வரும், ஆகவே கவனமாகப் பேசுங்கள்.
ஈ. ஆபத்து என்று தெரிந்தால் தனி அறையில் போடச் சொல்லிக் கேளுங்கள்.
உ. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள்.
ஊ. மரணம் நடந்தால் பிரேதத்தை விரைவாகப் பெற்று காரியங்களை முடியுங்கள்.

தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுங்கள்.

கோட்டுப்படி

'இ' முழுப் பிழை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்றைக்கும் பொலிஸ்காரர் சிலர், ஆஸ்பத்திரி ஊழியர் சிலர், "கேஸ் விழும்" என்று மிரட்டுவதும், அதை நம்பி வீட்டார் மறைப்பதும் நடக்கிறது. முன்பு ஒரு தடவை முயன்றவர் என்பதுதான் சிறை வைத்தியருக்கு மிக முக்கியமான தகவல். அதைத்தான் குடும்பம் மறைக்கிறது. உங்கள் தாளே மறைக்கச் சொல்லிக் கொடுத்தால் எப்படி? இன்றும் குற்றமாக இருப்பது மற்றவரைத் தூண்டுவதும் உடந்தையாக இருப்பதும்தான். வரியை இப்படி மாற்றுங்கள்: "முன்பு முயன்றிருந்தால் அது குற்றமில்லை. வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்."

'ஊ'வும் பிழை. அதற்குத் தனியாக எழுதுகிறேன், நீளும்.

வோர்ட்டுக்கு வெளியே

'ஈ'யை எடுத்தே ஆக வேண்டும். ஆபத்தில் இருக்கிற ஆளைத் தனியாகப் பூட்டுவது கண்காணிப்பு இல்லை. தனிமைதான் உயிரை மாய்க்கிற எண்ணத்துக்குத் தீனி. பார்க்க ஆள் இல்லாத தனி அறையை விட, நெரிசலாக இருந்தாலும் நாலு பேர் இருக்கிற அறை மேல். கேட்க வேண்டியது மூன்று: பக்கத்தில் ஆள், ஒழுங்கில்லாத இடைவெளியில் வந்து பார்க்கிற காவலர், மனநல வைத்தியரின் பரிசோதனை. அரை மணிக்கு ஒரு தடவை என்று மணி அடித்தாற்போல் பார்த்தால், அடுத்த சுற்று எப்போது வரும் என்று உள்ளே இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 45ஆம் விதி, மனநலக் குறைபாடு உள்ளவரின் நிலை தனிமையால் மோசமாகுமானால் அவரைத் தனிமையில் அடைக்கக் கூடாது என்கிறது. 44ஆம் விதியின்படி மனிதத் தொடர்பின்றி நாளில் 22 மணி நேரமோ கூடவோ அடைத்தால் அது தனிமைச் சிறை. 15 நாளைத் தாண்டினால் நீடித்த தனிமைச் சிறை, அது யாருக்குமே தடை. நாட்டுச் சட்டம் போல நேரே அமுலாக்க முடியாது, ஆனால் கடிதத்தில் விதி இலக்கத்தைப் போட்டால் வாசிக்கிறவர் ஒரு கணம் நிற்பார்.

'அ' சரிதான், ஆனால் பாதி. முதல் சில நாட்களைப் போலவே ஆபத்தானவை: பிணை மறுக்கப்பட்ட அன்று இரவு, தீர்ப்பு வந்த அன்று, வீட்டில் சாவு அல்லது மனைவி பிரிந்துபோன செய்தி வந்த நாள், வேறு சிறைக்கு மாற்றிய முதல் வாரம். வழக்குத் தவணைத் திகதியையே எச்சரிக்கைத் திகதியாகக் கலண்டரில் வட்டமிடச் சொல்லுங்கள். வீட்டாருக்கு அந்தத் திகதி எப்படியும் மனப்பாடம்.

கொழுந்துக்கூடை

'ஆ'வில் "வாசலில் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள் தம்பி. எந்த மொழியில் சொல்வது?

வாசலில் நிற்கிற காவலருக்குத் தமிழ் தெரியாது. போகிற அம்மாவுக்குச் சிங்களம் "மாத்தயா" அளவில்தான். "பிட்ஸ் (வலிப்பு) வரும்" என்று அவர் சொல்ல, இவர் "ஹரி ஹரி" என்று தலையாட்ட, அதோடு போச்சு. எழுத்தில் இல்லாவிட்டால் சொல்லாதது போலத்தான்.

தவணைக்கு ஒரு தடவை போகிறதற்கே ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாய். ஹட்டனில் இருந்து கண்டிக்கு 70 கிலோமீற்றருக்குக் கிட்ட, அங்கிருந்து பல்லேகலைச் சிறைக்கு இன்னொரு பஸ். பஸ் காசு, உள்ளே கொடுக்கிற சாமான், விழுந்த பேர், எல்லாம் கூட்டினால் மாதம் இரண்டு தடவைக்கு மேல் யாராலும் போக முடியாது. ஆகவே ஒரு பயணத்தில் எல்லாம் முடிகிற மாதிரி எழுதுங்கள். "வைத்தியரைச் சந்தியுங்கள், நலன்புரி அதிகாரியைச் சந்தியுங்கள், ஆணைக்குழுவுக்குப் போங்கள்" என்று மூன்று நாள் வேலையை அடுக்கினால், படித்துவிட்டு அடுப்புக்குத்தான் போடுவார்கள்.

மலைமுகடு

சரி அக்கா. அப்படியென்றால் ஒரே கடிதம், மூன்று பிரதி, இரண்டு மொழியில் அச்சடித்து, வெற்றிடம் மட்டும் நிரப்புகிற மாதிரி?

கொழுந்துக்கூடை

அதுதான் வேண்டும். வலது பக்கம் சிங்களம், இடது பக்கம் தமிழ், ஒரே தாளில். அவர் சிங்களத்தை வாசிக்கட்டும், இவர் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து கையெழுத்து வைக்கட்டும்.

கோட்டுப்படி

ஒரு திருத்தம். தமிழில் மட்டும் எழுதினாலும் செல்லும். தமிழ் ஆட்சிமொழி, அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற அரசியலமைப்பு உரிமை தருகிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலிருந்து வர்த்தமானிப்படி இருமொழிப் பிரிவுகள். ஆனால் உரிமை வேறு, அவசரம் வேறு. ஆள் ஆபத்தில் இருக்கும்போது மொழிப் போராட்டம் நடத்த வேண்டாம். இரண்டு மொழி நல்ல யோசனை.

பிரதி மூன்று எதற்கு என்றும் தாளில் இருக்கட்டும். ஒன்று சிறை அத்தியட்சகருக்கு. ஒன்று நீதவான் நீதிமன்றப் பதிவாளருக்கு, வழக்கிலக்கத்தோடு, முடிந்தால் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரமாக (நீதிமன்றத்துக்குக் கொடுக்கிற எழுத்து விண்ணப்பம்). ஒன்று வீட்டில். வீட்டுப் பிரதியில் பெற்ற திகதியும் கையொப்பமும் வாங்க வேண்டும். கையொப்பம் தர மறுத்தால் சண்டை பிடிக்காமல் நேரே தபாலகம் போய்ப் பதிவுத் தபால் போட்டுச் சீட்டைப் பிரதியோடு குத்தி வைக்கவும். பின்னால் ஏதாவது நடந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலை உடைப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

ஊவாக்காற்று

நீதவானுக்குக் கொடுப்பதை அழுத்திச் சொல்லுங்கள். முன்பு 14 நாளைக்கு ஒரு தடவை ஆளைக் கூண்டில் நிறுத்துவார்கள். முகத்தைப் பார்த்தாலே நீதவானுக்கு ஏதாவது தெரியும், வீட்டாரும் வராந்தாவில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். கொவிட்டுக்குப் பிறகு பல தவணைகள் திரையில்தான். சிறைக்குள் ஒரு கமெரா முன்னால் வரிசையாக உட்கார வைத்து, ஒருவருக்கு அரை நிமிஷம். கை நடுங்குவது திரையில் தெரியாது. எழுத்தில் போனால் வழக்கேட்டில் ஏறும், நீதவான் மனநல அறிக்கை கோரிக் கட்டளையிடலாம். சிறை வைத்தியர் தன் பாட்டுக்கு அனுப்புவதை விட நீதிமன்றக் கட்டளையோடு போகிற ஆளுக்குப் பஸ்ஸும் காவலரும் சீக்கிரம் கிடைக்கும். வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வாகனம் இல்லை, துணைக்குக் காவலர் இல்லை என்பதுதான் கிளினிக் தவறுவதற்கான முதல் காரணம். மருந்து இல்லாமல் போவது அதற்குப் பிறகுதான்.

வோர்ட்டுக்கு வெளியே

கடிதத்தில் இருக்க வேண்டிய வைத்தியத் தகவல்:

கிளினிக் புத்தகம். பதுளை, நுவரெலியா, கண்டி, எங்கே பார்த்தாலும் கையில் ஒரு புத்தகம் தருவார்கள். அதன் கடைசி மருந்துப் பக்கத்தைப் போட்டோப்பிரதி எடுத்துக் கொடுக்கவும். மூலப் புத்தகத்தை வாசலில் கொடுக்காதீர்கள், திரும்பி வராது. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, கடைசியாகக் குடித்த நாள். கடைசி இரண்டும்தான் எல்லோரும் விடுவது. வலிப்பு மருந்தையும் சில மனநல மருந்துகளையும் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிலைமை தலைகீழாகும். பிடிபட்ட இரவு பொலிஸ் கூண்டில், மறுநாள் கோட்டில், அன்று மாலை சிறையில், மறுநாள்தான் வைத்தியர். இதற்குள்ளேயே நான்கு வேளை மருந்து போய்விட்டது.

அடுத்தது நம் பக்கத்தில் யாரும் வாய் திறக்காத விஷயம், குடி. தினம் கசிப்போ சாராயமோ குடித்தவர் உள்ளே போனால், கடைசிக் குடியிலிருந்து 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48இலிருந்து 72 மணி நேரத்துக்குள் சிலருக்குக் கடும் குழப்பம்: இல்லாத பூச்சியைத் தட்டுவது, இல்லாத ஆளோடு பேசுவது, சுவரில் மோதுவது. அறையில் இருப்பவர்கள் பேய் என்பார்கள், காவலர் நடிப்பு என்பார், சில நேரம் அடியும் விழும். இது உயிர் போகிற வைத்திய அவசரம். சிகிச்சை நன்றாகத் தெரிந்த ஒன்று: டயசிபாம் வகை மருந்து, தயமின், நீர். தேவை ஒன்றே ஒன்று, யாராவது முன்கூட்டியே "இவர் தினமும் குடிப்பவர்" என்று எழுதிக் கொடுத்திருப்பது. மானம் போகும் என்று அம்மாக்கள் எழுத மாட்டார்கள். கடிதத்தில் அதை ஒரு கட்டமாக அச்சடித்துவிடுங்கள், புள்ளடி போடுவது சுலபம். ஹெரோயின், ஐஸ் விட்ட உடம்புக்கும் இன்னொரு கட்டம்.

மண்டேலா விதி 30 இதையே சொல்கிறது: உள்ளே வருபவரை வைத்தியர் கூடிய விரைவில் பார்த்து, தற்கொலை ஆபத்தையும் மது, மருந்து, போதை நிறுத்தியதால் வரும் அறிகுறிகளையும் கண்டறிய வேண்டும்.

பழைய மதில்

இவ்வளவும் சரி, ஆனால் வைத்தியரிடம் 'கண்டறிய' எத்தனை நிமிடம் இருக்கிறது என்று யோசியுங்கள். நாட்டின் சிறைகளில் அதிகாரபூர்வக் கொள்ளளவைப் போல இரு மடங்குக்கும் மேல் ஆட்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வு, முறை வைத்துத் தூங்குவதையும், இரவில் பூட்டிய பின் வாளியே கழிப்பறையாவதையும் பதிந்திருக்கிறது. அந்த வருஷம் நவம்பரில்தான் மஹரைச் சிறைக் கலவரத்தில் 11 பேர் செத்தார்கள்.

மலையகத்தில் 1876இல் கட்டிய கண்டி போகம்பறைச் சிறை 2014இல் மூடப்பட்டு, ஆட்கள் பல்லேகலையில் உள்ள தும்பறைச் சிறைக்குப் போனார்கள். புதுக் கட்டடம் வந்தால் நெரிசல் போகும் என்று அப்போது பலர் நம்பினார்கள். கட்டடம் மாறியது, ஆட்களை உள்ளே அனுப்புகிற வேகம் மாறவில்லை. உள்ளே இருப்பவர்களில் பெரும் பகுதி தீர்ப்பே வராதவர்கள், அல்லது தண்டம் கட்ட முடியாதவர்கள். ஆகவே உங்கள் தாளின் முதல் வரி "ஆளை வெளியே எடுங்கள்" என்று இருக்க வேண்டும். தற்கொலைத் தடுப்பில் அதை விடப் பெரிய மருந்து கிடையாது.

மலைமுகடு

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பிணை பற்றி எழுதப் போனால் தாள் புத்தகமாகிவிடும்.

கோட்டுப்படி

நாலு வரி போதும். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு. 12 மாதத்துக்கு மேல் வழக்கு முடியாமல் வைத்திருக்க முடியாது. சட்டமா அதிபர் கேட்டு மேல் நீதிமன்றம் நீடித்தாலும் மொத்தம் 24 மாதம். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும், தனக்கென்று பிணை ஏற்பாடு வைத்திருக்கிற வேறு சட்டங்களுக்கும் இது பொருந்தாது. போதைப்பொருள் வழக்குகள் பல அந்தப் பக்கம் விழும். இதைத் தெளிவாகப் போடாவிட்டால் ஐஸ் வழக்கில் மாட்டியவரின் அப்பா, "12 மாதம் ஆகிவிட்டதே" என்று வருஷக்கணக்கில் அலைவார்.

கொழுந்துக்கூடை

பிணை கிடைத்த பிறகும் உள்ளே இருக்கிறார்களே, அதை எழுதுங்கள். நீதவான் இரண்டு சரீரப் பிணை என்று சொல்லிவிடுவார். பிணையாளர் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் அடையாள அட்டையும் கொண்டுவர வேண்டும். லயத்தில் இருப்பவருக்கு வீடும் தோட்டத்துடையது, காணியும் தோட்டத்துடையது, காணி உறுதி காட்டு என்றால் எங்கே போவது? அடையாள அட்டையில் 'சிவலிங்கம்', பிறப்புப் பத்திரத்தில் 'சிவலிங்கன்', செக்ரோலில் (தோட்டத்தின் வேலையாள் பதிவில்) வெறும் 'லிங்கம்'. மூன்று பெயருக்கும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடிக்கவே நாலு நாள். வெள்ளிக்கிழமை பிணை கிடைத்தால் ஆள் வெளியே வர அடுத்த புதன் ஆகும்.

அந்த நாலு நாள்தான் உள்ளே இருப்பவருக்கு மகா மோசம். பிணை கிடைத்தும் யாரும் வரவில்லை, வீடு கைவிட்டுவிட்டது என்று நினைப்பார்.

ஊவாக்காற்று

அக்கா சொன்னதற்கு வழி: தவணைக்கு முன்பே சான்றிதழை எடுத்து வைப்பது. பிணை கிடைத்த பின் ஓடக் கூடாது. பிணையாளராக நிற்கச் சம்மதிக்கிற மூன்று பேரை முதலே பேசி வையுங்கள், இரண்டு போதும் என்றாலும் ஒருவர் கட்டாயம் பின்வாங்குவார். கிராம உத்தியோகத்தர் அலுவலக நாள் எது என்று தெரிந்து போகவும், மற்ற நாளில் அவர் வெளிக்களத்தில் இருப்பார். நிபந்தனை நிறைவேற்றவே முடியாததாக இருந்தால் அதை மாற்றித் தரும்படி அதே நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் போடலாம், பெரிய வழக்கு போட வேண்டியதில்லை. சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு. அதன் மத்திய நிலையங்கள் நீதிமன்ற வளாகத்திலோ பக்கத்திலோ இருக்கும். வருமானச் சான்றுக்குச் சம்பளச் சீட்டை எடுத்துப் போகவும்.

கோட்டுப்படி

தண்டம் கட்டாமல் இருப்பவர்களுக்கு: இது பலருக்குத் தெரியாது. இருந்த நாளுக்கு ஏற்பக் கட்ட வேண்டிய தொகை குறையும். உதாரணமாக 25,000 ரூபாய் தண்டம், கட்டாவிட்டால் 3 மாதம் என்று தீர்ப்பு. 1 மாதம் இருந்துவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 16,667 ரூபாய் கட்டினால் வெளியே வரலாம். முழுத் தொகையும் சேரட்டும் என்று காத்திருந்து மூன்று மாதமும் இருந்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பு நாளிலேயே தவணை முறையில் கட்ட அவகாசம் கேட்கலாம். கேட்காவிட்டால் யாரும் தாமாகத் தரமாட்டார்கள். சிறு குற்றமென்றால் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் சிறைக்குப் பதிலாக வெளியில் வேலை செய்யும் கட்டளையும் கேட்கலாம்.

பழைய மதில்

'உ'வில் 1996 அழைப்பு மட்டும் போட்டால் போதாது. அழைத்தவரிடம் முறைப்பாட்டு இலக்கம் வாங்கச் சொல்லுங்கள். கண்டியிலும் பதுளையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் முறையிடலாம், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. சிறைக்குள் போய்ப் பார்க்கிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், அவர்கள் கொடுப்பது பரிந்துரை, கட்டளை இல்லை. ஆனால் "ஆணைக்குழுவில் இருந்து கேட்டார்கள்" என்ற ஒரு தொலைபேசி அழைப்பு சிறை அலுவலகத்தில் ஒரு கோப்பை மேசைக்கு மேலே கொண்டுவரும்.

சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டப்படி சிறைச்சாலைப் பார்வையாளர் சபை என்று ஒன்றும் உண்டு. உறுப்பினர்களுக்கு எழுதலாம். எழுதுங்கள், ஆனால் அதை நம்பி மற்றதை விடாதீர்கள்.

கோட்டுப்படி

அதோடு ஒரு கணக்கு. அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் வெறும் முறைப்பாட்டு இலக்கத்தைக் காட்டி இந்தச் சலுகையைப் பெற முடியாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும். ஆகவே முறையிட்ட பின் ஆணைக்குழு அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு வைத்திருக்கவும்.

வோர்ட்டுக்கு வெளியே

தகவல் அறியும் சட்டத்தை யாரும் தொடவில்லையே?

கோட்டுப்படி

தொடலாம், கவனமாக. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். சாதாரணக் கோரிக்கைக்கு 14 வேலை நாளுக்குள் முடிவு. உயிர், தனிநபர் சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். அந்த 48 மணியைக் கேட்கிறபோது கோரிக்கையில் உள்ளே இருப்பவரே கையெழுத்து வைப்பது நல்லது, சட்டத்தரணி சந்திப்பில் வாங்கலாம். வைத்தியப் பதிவு கேட்டால் அவருடைய எழுத்துச் சம்மதம் சேர்க்காவிட்டால் மறுத்துவிடுவார்கள், அது சட்டப்படி சரியான மறுப்பு. மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு (மனித உரிமைகள் ஆணைக்குழு இல்லை).

எதைக் கேட்பது என்பதில்தான் பிழை விடுகிறார்கள். "சிறையில் நிலைமை எப்படி" என்று கேட்டால் ஒரு பக்கம் வாழ்த்து மடல் வரும். "இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை, இன்ன வோர்டில் தினமும் இருந்தவர் எண்ணிக்கை, கழிப்பறை எண்ணிக்கை, இரவுக் கடமைக் காவலர் எண்ணிக்கை, மனநல வைத்தியரிடம் அனுப்பியவர் எண்ணிக்கை" என்று கேட்கவும். எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

கொழுந்துக்கூடை

குளிரை மறந்துவிடாதீர்கள். கொழும்பில் இருந்து எழுதுகிற வழிகாட்டிகளில் எல்லாம் வெப்பம், காற்றோட்டம் என்று இருக்கும். நுவரெலியாப் பக்கம் ஜனவரியில் இரவு 10 பாகைக்குக் கீழே போகும். சீமெந்துத் தரையில் ஒரு பாய். கம்பளி, காலுறை, ஸ்வெட்டர் கொடுக்க விளக்கமறியல்காரருக்குச் சட்டம் தடையில்லை, தீர்ப்பு வராதவர் சொந்த உடுப்பு உடுக்கலாம். ஆனால் நாடா, கயிறு வைத்த உடுப்பைத் திருப்பி அனுப்புவார்கள், அது சரியான காரணத்துக்குத்தான். இழுத்துக் கட்டுகிற கழுத்து இல்லாத ஸ்வெட்டர், இலாஸ்டிக் காற்சட்டை என்று எழுதுங்கள், ஒரு பயணம் மிச்சமாகும்.

இழைப் பொறுப்பாளர்

கடைசிப் பதிவு அளவில் நிற்கட்டும். எதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்ற விவரத்துக்கு யாரும் போக வேண்டாம், போனால் நீக்கப்படும். இதை வாசிக்கிற யாருக்காவது உயிரை மாய்க்கிற எண்ணம் இப்போது இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம்.

கோட்டுப்படி

'ஊ'வுக்கு வருகிறேன்.

சிறையில் மரணம் நடந்தால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 371ஆம் பிரிவுப்படி சிறை அதிகாரி உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். நீதவான் பிரேதத்தைப் பார்த்து, மரண காரணம் பற்றி விசாரிக்க வேண்டும். சாதாரண மரண விசாரணை அதிகாரி முடித்துவைக்கிற விஷயம் இது இல்லை. வீட்டாருக்காகச் சட்டத்தரணி ஆஜராகலாம்.

எங்கே பிழைக்கிறது? வைத்தியசாலைப் பிரேத அறை வாசலில். விடிய நாலு மணிக்கு அழைப்பு வந்து, தோட்டத்தில் வான் பிடித்து, பசியோடு வந்து நிற்கிறவரிடம் சிங்களத்தில் ஒரு தாள் நீட்டப்படும். "பொடி எடுக்கக் கையெழுத்து" என்பார்கள். உள்ளே "மரணத்தில் சந்தேகமில்லை" என்று இருக்கும். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கக் கூடாது. தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், அல்லது தன் வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்லி, "எனக்குச் சந்தேகம் உண்டு" என்ற மூன்று சொல்லையும் பதியச் சொல்லலாம்.

அடுத்து, அன்றைக்கே நீதவானிடம் கேட்க வேண்டியவை: சட்ட வைத்திய அதிகாரியின் முழுப் பிரேத பரிசோதனை, சிறையின் கமெராப் பதிவைப் பாதுகாக்கக் கட்டளை (பழைய பதிவுக்கு மேல் புதியது பதிந்துவிடும், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒன்றும் இருக்காது), வைத்தியப் பதிவேடு, அந்த இரவின் கடமைப் பதிவேடு, முன்பு கொடுத்த கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற விளக்கம். சிறை வாசலில் வாங்கிய அந்தக் கையொப்பம் இங்கேதான் வேலை செய்யும்.

தகனம் வேண்டாம், அடக்கம் செய்யுங்கள். இரண்டாவது பரிசோதனைக்கு நீதவான் தோண்டி எடுக்கக் கட்டளையிடலாம், சாம்பலில் ஒன்றும் தேட முடியாது.

மனைவியோ பெற்றோரோ அடிப்படை உரிமை மனுவும் போடலாம். ஸ்ரியானி சில்வா வழக்கில் 2003இல் உயர் நீதிமன்றம், தடுப்பில் இறந்தவருக்காக மனைவி மனுச் செய்யலாம் என்று ஏற்றது. அங்கேயும் அதே ஒரு மாதம். எட்டுக் கிரியையும் முப்பத்தோராம் நாளும் முடித்துவிட்டு வந்தால் காலம் கடந்திருக்கும்.

ஊவாக்காற்று

ஊடகத்துக்குப் போவது பற்றியும் ஒரு வரி வேண்டும்.

பழைய மதில்

என் கருத்து: முதல் மூன்று நாள் வேண்டாம். ஆவணம் கைக்கு வந்த பிறகு போகலாம்.

கொழுந்துக்கூடை

எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சங்கத் தலைவருக்கோ பத்திரிகைக்கோ சொல்லாத வீட்டை யாரும் கணக்கெடுப்பதில்லை. இந்த மலையில் 2000 ஒக்டோபர் 25 அன்று பிந்துனுவெவவில், அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்களைக் கூட்டம் புகுந்து கொன்றது. நாடு முழுக்கப் பேசிய வழக்கு. 2005இல் உயர் நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலை. அவ்வளவு பேசியும் அப்படி என்றால், பேசாத சாவுக்கு என்ன கதி?

பழைய மதில்

அதையே வைத்துத்தான் நானும் சொல்கிறேன் தங்கச்சி. சத்தத்துக்கு அங்கே குறைவில்லை. நீதிமன்றத்தில் நின்றது சாட்சியம், அதுதான் போதவில்லை.

வோர்ட்டுக்கு வெளியே

செய்தி கொடுத்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த முறையில், எந்த இடத்தில் என்பதைத் தலைப்பில் போட வேண்டாம், படமும் வேண்டாம். சிறைக்குள்ளும் பத்திரிகை போகிறது, பக்கத்து அறையில் இருப்பவரும் வாசிக்கிறார்.

மலைமுகடு

எல்லோருக்கும் நன்றி. 'இ', 'ஈ', 'ஊ' மூன்றும் போய்விட்டன. முதல் பக்கத்தில் பிணை, தண்டம், திகதிகள். இரண்டாம் பக்கம் முழுக்க வெட்டி எடுக்கிற கடிதம். இடது பத்தி இது:

"சிறைச்சாலை அத்தியட்சகர் அவர்களுக்கு. வழக்கிலக்கம் ........ நீதிமன்றம் ........ உள்ளே இருப்பவர் பெயர் (அடையாள அட்டையில் உள்ளபடி) ........ வீட்டில் அழைக்கும் பெயர் ........ இவர் பேசும் மொழி: தமிழ். இவருக்குப் பின்வருவன உண்டு: வலிப்பு ▢ மனநல மருந்து ▢ தினமும் மது ▢ வேறு போதை ▢ முன்பு உயிரை மாய்க்க முயன்றது ▢ அண்மையில் வீட்டில் இழப்பு ▢. மருந்து, அளவு, கடைசியாக எடுத்த நாள் ........ கிளினிக் புத்தகப் பிரதி இணைப்பு. இவரைத் தனியே அடைக்காமல், வைத்தியரிடம் காட்டி, தமிழ் தெரிந்த ஒருவர் மூலம் பேசும்படி கேட்கிறோம். ஏதாவது நடந்தால் அழைக்க வேண்டிய இலக்கங்கள் (இரண்டு) ........"

கொழுந்துக்கூடை

இலக்கம் இரண்டு இல்லை, மூன்று. ஒன்று லயத்துக்கு வெளியே சிக்னல் உள்ள இடத்தில் இருக்கிற ஆளுடையதாக இருக்கட்டும், கடைக்காரரோ ஆசிரியரோ. எங்கள் பள்ளத்தாக்குகளில் மழை வந்தால் போன் எடுக்காது.

கோட்டுப்படி

அடியில் "பெற்றுக்கொண்டவர் பெயர், பதவி, திகதி, நேரம்" என்று ஒரு கட்டம் போடுங்கள். நேரம் முக்கியம். கட்டம் முத்திரை விழுகிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும், ஆறு சென்ரிமீற்றர் அகலம் போதும்.

மலைமுகடு

போட்டாச்சு. சிங்களப் பத்தியை ஊவாக்காற்று பார்த்துத் தந்ததும் அச்சுக்குப் போகிறது.